மின்பேஸ் கிதார்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்துரைப்பது நம் நாட்டு மரபு. இவற்றுள் நரம்புக்கருவியின் இனத்தைச் சார்ந்ததாய், மின்னாற்றலின் துணைகொண்டு ஒலிப்பதாய், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் தோன்றியதொரு கருவியே மின்பேஸ் கிதார் என்பது. இதனைத் தொழிலாகக் கொள்ளாது, ஓய்வுநேரத்து விருப்பமாகக் கொண்டு பயில விழைவோர் இன்று பலர். அவருள் ஒரு சாரார் கருவியை ஆவலோடு வாங்கிச் சில திங்களுள் சலிப்புற்று அறையின் மூலையிற் சார்த்திவிடுகின்றனர். மற்றொரு சாரார் அதனை வாழ்நாள் முழுதும் விடாது போற்றுகின்றனர். இவ்வேறுபாடு யாதுபற்றி எழுந்தது? கருவியின் விலைபற்றியோ பயில்வாரின் பிறவித்திறன்பற்றியோ எழுந்ததன்று. இக்கருவியின் தொழில் இன்னதென அறிந்து அத்தொழிலையே விரும்பினோர் நிலைத்தனர், அறியாதார் சலித்தனர். இதனை விளக்கி, வாங்குதற்கும் பயிலுதற்கும் சுவைத்தற்கும் உரிய நெறிகளைக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் இயல்பு

ஆலயங்களில் மேனாட்டு முறைப்படி நான்கு பகுதிகளாகப் பாடும் பாடகர்குழுவைக் கேட்டிருப்போர், ஆடவர் பாடும் மிகத் தாழ்ந்த பகுதி 'பேஸ்' என வழங்கப்படுதலை அறிவர். நம் இசைநூலார் மெலிவு, சமன், வலிவு எனக் கூறும் மூன்று நிலைகளுள் மெலிவின்பாற்பட்டது அது. அம்மெலிவிசையை எழுப்புதலே தன் கடமையாகக் கொண்ட கிதாராதலின் இதற்குப் பேஸ் கிதார் எனப் பெயராயிற்று.

இதன் உறுப்புக்களை வீணையின் உறுப்புக்களுக்கு வழங்கும் பெயர்களாலேயே கூறிவிடலாம். தந்திகள் ஒருபுறம் குதிரையின்மேற் படிந்து, நீண்ட தண்டியின் வழியே சென்று, மறுபுறம் பிரடைகளிற் சுற்றப்பட்டிருக்கும். தண்டியின்மேல் மெட்டுக்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஆயின், வீணைக்குள்ளது போன்ற உட்குடைந்த குடம் பெரும்பாலான பேஸ் கிதார்களுக்கு இல்லை. உடல் கெட்டிமரத்தால் ஆயது. தந்திகள் பொதுவாக நான்கு. தாழ்ந்ததினின்று தொடங்கி அவற்றை இ, ஏ, டி, ஜி என மேனாட்டுச் சுரப்பெயர்களால் அழைப்பர். அவை வினாடிக்கு முறையே ஏறத்தாழ 41, 55, 73, 98 முறை அதிர்வன. சாதாரணக் கிதாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு இவை சரியாக ஒரு ஸ்தாயி தாழ்ந்தவை. இன்னுந் தாழ்ந்த இசையை வேண்டுவோர்க்கு, வினாடிக்கு 31 முறை அதிரும் தந்தியொன்றையுங் கூட்டி ஐந்து தந்திகளோடு செய்த கருவிகளும் உள. மாந்தர்செவி கேட்கத்தக்க தாழ்ந்த எல்லை வினாடிக்கு 20 அதிர்வு அளவினது ஆதலின், நாம் கேட்டற்கு இயன்ற ஒலிகளின் அடிப்படியிலேயே இக்கருவி இயங்குகின்றது எனலாம்.

ஒவ்வொரு தந்தியும் தனக்குக் கீழுள்ள தந்தியினின்றும் சட்சத்திற்கும் சுத்தமத்திமத்திற்கும் உள்ள இடைவெளியளவு உயர்ந்திருக்கும். இவ்விடைவெளி எங்கும் ஒரே அளவினதாதலின், ஓரிடத்தில் விரல்கள் பழகிய வடிவத்தை மற்றோரிடத்திற்கு அவ்வாறே நகர்த்தி வாசிக்கலாம். தொடக்கநிலையினர்க்கு இது பெருந்துணையாகும்.

கெட்டிமரத்தாலான உடலினின்றெழும் ஒலி பக்கத்திலிருப்பார்க்கே கேட்கும் சிறுமையுடையது. அதனைப் பெரிதாக்குவது மின்னாற்றல். தந்திகளின் கீழே 'பிக்கப்' என்னும் உறுப்பு பொருத்தப்பட்டிருக்கும். நிலைக்காந்தமும், அதனைச் சூழப் பல்லாயிரஞ் சுற்றுக்களாகச் சுற்றிய மெல்லிய செம்புக்கம்பியும் கூடியதே அது. காந்தப்புலத்தில் எஃகுத்தந்தி அதிருங்கால், அவ்வதிர்வை யொத்ததொரு மின்னோட்டம் செம்புக்கம்பியில் எழுகின்றது. 1831 ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல் விதியே ஈண்டுச் செயற்படுவது. அவ்வோட்டம் கேபிளின் வழியே ஆம்ப்ளிஃபையரை அடைந்து, பெருகி, ஒலிபெருக்கிக் கூம்பை அசைத்து இசையாகின்றது. காந்தத்தாற் பற்றப்படாத நைலான் தந்தியை இதிற் பூட்டுவார்க்கு ஒலி பிறவாமைக்குக் காரணமும் இதுவே.

தோன்றிய வரலாறு

இக்கருவி தோன்றுதற்கு முன்னர், மேனாட்டு இசைக்குழுக்களில் மெலிவிசையைத் தாங்கி நின்றது ஆளுயரமுள்ள டபுள் பேஸ் என்னும் பெருங்கருவி. அதனை ஊர்தோறுஞ் சுமந்து செல்லுதல் அரிது. முரசும் ஊதுகருவிகளும் முழங்குங்கால் அதன் ஒலி அமிழ்ந்துபோம். மெட்டுக்கள் இல்லாமையின், செவியொன்றையே துணைக்கொண்டு விரலைச் சரியான இடத்தில் வைத்தற்கு நெடுநாட் பயிற்சியும் வேண்டும். இக்குறைகளைக் களைய முயன்றோருள் முற்பட்டவர் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பார். 1930களின் நடுப்பகுதியில், மெட்டுக்களையுடையதாய், கிடைநிலையிற் பிடித்து வாசிக்கத்தக்கதாய் ஒரு மின்பேஸை இவர் செய்து ஆடியோவாக்ஸ் என்னும் பெயரால் விற்றனர். அஃது உலகிற் பரவவில்லை.

உலகிற் பரவியது, கலிபோர்னியாவைச் சார்ந்த லியோ ஃபெண்டர் என்பார் 1951 இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' ஆகும். பிரிசிஷன் என்பது துல்லியம் எனப் பொருள்படும். மெட்டுக்களின் உதவியால் சுரம் துல்லியமாகப் பிறத்தலின் அப்பெயர் பெற்றது. குதிரைக்கும் தண்டியின் தலைப்புக்கும் இடையே தந்தி அதிரும் நீளத்தை ஃபெண்டர் 34 அங்குலமாக அமைத்தார். பெரும்பாலான பேஸ் கிதார்களுக்கு இன்றளவும் அதுவே அளவாக நின்று நிலவுகின்றது. லயனல் ஹாம்ப்டனின் இசைக்குழுவில் மாங்க் மாண்ட்கோமரி என்பார் 1950களின் தொடக்கத்தில் இதனை வாசித்துப் பலருங் காணச் செய்தனர். 1960 இல் ஃபெண்டர் நிறுவனம் இரண்டு பிக்கப்புகளும் ஒடுங்கிய தண்டியும் உடைய 'ஜாஸ் பேஸ்' என்னும் மற்றொரு வகையை வெளியிட்டது. இன்று கடைகளிற் காணும் எண்ணிறந்த கருவிகளுள் பெரும்பகுதி இவ்விரண்டன் வழிவந்தனவே.

வாங்கும் முறை

புதியராய்த் தொடங்குவோர் பெரிதும் இடர்ப்படுவது வாங்குதற்கண். வண்ணமும் வடிவமும் கண்ணைக் கவர்தல் இயல்பு. எனினும் கண்ணினும் கையும் செவியுமே ஈண்டுச் சான்றாதற்குரியன.

முதற்கண் நோக்கத்தக்கது அளவு. 34 அங்குல அளவுள்ள கருவியில் முதல் மெட்டுக்கு உரிய இடைவெளி ஏறத்தாழ 48 மில்லிமீட்டர். சாதாரண மின்கிதாரிலோ அஃது ஏறத்தாழ 36 மில்லிமீட்டரே. ஆகலின் கிதார் பழகிய கையும் முதலில் இதனிடம் அயர்வுறும். சிறிய கையுடையார் 30 அங்குல அளவுள்ள குறும்பேஸ்களை வாங்குதல் நன்று. அதனால் இழிவொன்றுமில்லை. ஜெர்மானிய நாட்டு ஹோஃப்னர் நிறுவனம் செய்த வயலின் வடிவுள்ள பேஸ் இக்குறுமையினதே. பீட்டில்ஸ் குழுவினராகிய பால் மெக்கார்ட்னி 1961 இல் ஹாம்பர்க் நகரத்தில் அதனை வாங்கினர். ஃபெண்டர் கருவிக்குத் தரும் பொருள் அவர்பால் அன்றில்லை. இடக்கையால் வாசிப்பவராதலின், இருபுறமும் ஒத்த வடிவமும் அவர்க்கு ஏற்புடைத்தாயிற்று. மலிவாகக் கொண்ட அக்கருவியே அக்குழுவின் முதற் பாடல்கள் உலகெங்கும் ஒலித்தற்குத் துணைநின்றது. 1972 இல் களவுபோன அது, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியபின் அவரிடம் மீண்ட செய்தி 2024 இல் வெளிவந்தது. உயர்ந்த விலை உயர்ந்த இசைக்கு ஈடன்று என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யாதுளது?

அடுத்து நோக்கத்தக்கன கருவியின் குற்றங்குணங்கள். தண்டியை ஒரு கண்ணால் அதன் நீளத்தின்வழி நோக்கின், அது முறுக்கின்றிச் செவ்விதாய் உளதோ இலதோ என்பது புலனாகும். சிறிதளவு வளைவு தண்டியினுள்ளே பொருத்திய இரும்புக்கோலைத் திருகித் திருத்தக்கூடியது. முறுக்கோ எளிதில் திருந்தாது. பின்னர் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் இரைச்சல் எழுமாயின் அவ்விடத்து மெட்டு உயர்ந்தோ தேய்ந்தோ உளது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும், அதே இடத்தில் மென்மையாகத் தொட்டு எழுப்பும் மணியோசை போன்ற சுரமும் ஒன்றாய் ஒலித்தல் வேண்டும். வேறுபடுமாயின் குதிரையை முன்னும் பின்னும் நகர்த்திச் சீர்ப்படுத்தல் வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளைச் சுழற்றுங்கால் கரகரவென்னும் ஓசை எழுகின்றதா என்பதும் காணத்தக்கது. இவையெல்லாம் கடையில் அரைமணி நேரத்திற் செய்துமுடிக்கக்கூடியன. பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குவோர்க்கு இத்தேர்வு இன்றியமையாதது. நன்கு தேர்ந்து வாங்கிய பழங்கருவி புதியதினும் சிறப்பதுமுண்டு.

மூன்றாவது, கருவியின் எடை. கெட்டிமரத்தாலாய பேஸ் நான்கு கிலோகிராம் அளவு கனக்கும். ஆதலின் கடையிலேயே தோள்வாரினை மாட்டிச் சிறிதுநேரம் நின்று வாசித்துப் பார்த்தல் வேண்டும். தலைப்பகுதி கனத்துத் தாழுமாயின் இடக்கை சுரம் பிடித்தலை விடுத்துச் சுமை தாங்குவதாகும்.

ஆம்ப்ளிஃபையரைப்பற்றியும் ஒரு சொல். நம் செவி தாழ்ந்த ஒலிகளை எளிதில் உணராது. அவற்றை எழுப்ப மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆகலின் முரசோடு கூடி வாசித்தற்குப் பேஸுக்கெனச் செய்த வலிய ஆம்ப் தேவை. தனித்துப் பயிலுவார்க்கு அது வேண்டா. அன்றியும் மெலிவொலி சுவரை ஊடுருவிச் செல்லும் இயல்பினது. விடுதியறையில் ஒருவர் மீட்டுவது அடுத்த அறையில் படிப்பார்க்கு இடையூறாம். ஹெட்போன் பூட்டத்தக்க சிற்றாம்ப் ஒன்று அயலாரோடு நட்பைக் காக்கும். சில கருவிகளுள்ளே 9 வோல்ட் மின்கலம் இருக்கும். அவை பயன்படாதபோது கேபிளைக் கழற்றிவைக்க வேண்டும், இன்றேல் மின்கலம் வீணே தீர்ந்துபோம்.

பயிலும் முறை

வலக்கையின் ஆட்காட்டிவிரலும் நடுவிரலும் மாறிமாறித் தந்தியை மீட்டுதல் பொதுமுறை. பெருவிரல் பிக்கப்பின்மேல் ஊன்றியிருக்கும். இடக்கை விரல் மெட்டின்மேலன்றி, அதனை ஒட்டிப் பின்னே அழுத்துதல் வேண்டும். அங்ஙனமாயின் சிறு அழுத்தமே போதும். இவற்றினும் அரியது, வேண்டாத தந்திகளை ஒலியாமற் செய்தல். தடித்த தந்தி ஒருமுறை அதிர்ந்தால் நெடுநேரம் அதிரும். அதனை உரிய காலத்தில் தொட்டு அடக்காவிடில் அடுத்த சுரத்தோடு கலந்து குழப்பும். ஒலித்தலைப்போலவே ஓய்தலும் இக்கருவியில் இசையே. ஒரு சுரம் எங்குத் தொடங்குகின்றது என்பதோடு எங்கு முடிகின்றது என்பதையும் கருதி வாசிப்பவனே நல்ல பேஸ் வாசிப்பாளன்.

மீட்டும் முறையில் பெரியோர் ஒருவரையொருவர் ஒத்திலர். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் பதிவகத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் ஆட்காட்டிவிரல் ஒன்றையே பயன்படுத்தினர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பதிவகங்களில் எண்ணிறந்த பாடல்களுக்கு வாசித்த காரல் கே அம்மையார் பிளெக்ட்ரம் கொண்டு மீட்டினர். கிதார் வாசிப்பாளராயிருந்த அவர், 1963 இல் ஒருநாள் பேஸ் வாசிக்க வேண்டியவர் வாராமையால் அவரிடத்தை நிரப்பப்போய், அக்கருவியையே தம் வாழ்வின் துணையாகப் பெற்றனர். லேரி கிரஹாம் தம் தாயாரோடு கூடி வாசித்த காலத்து, குழுவில் முரசு இல்லாத குறையைப் போக்கப் பெருவிரலால் தந்தியை அறைந்தும் பிற விரலால் பிடித்திழுத்தும் வாசிக்கலானார். அதுவே இன்று 'ஸ்லாப்' எனச் சிறந்து விளங்கும் முறை. வெவ்வேறு வழியிற் சென்ற இம்மூவரையும் ஒன்றுபடுத்துவது காலப்பிரமாணம் தவறாமை. தாளம் தப்பிய நூறு சுரத்தினும் தாளத்தில் நின்ற ஒரு சுரம் மேல். ஆகலின் மெட்ரோனோமை இயக்கி, ஒரே சுரத்தை நெடுநேரம் ஒரே சீராக மீட்டிப் பழகுதல் முதற்பாடமாக வேண்டும். அடுத்து ஆதாரசுரம், பஞ்சமம், மேல்ஸ்தாயிச் சட்சம் ஆகிய மூன்றை ஒவ்வோர் இடத்தும் பிடிக்கப் பழகுக. இம்மூன்று சுரங்களைக்கொண்டே பல பாடல்களுக்குத் துணைவாசிக்கலாம்.

சுவைக்கும் முறை

இனி, தொடக்கத்திற் கூறிய கருத்துக்கு வருவோம். பாட்டு நிகழுங்கால் கேட்போர் மனம் பாடுவார் குரலின்மேற் செல்லும். அடுத்து வயலின் மேலோ கிதாரின் மேலோ செல்லும். பேஸின்மேற் செல்லுவது அரிது. ஆயின் அதனை நிறுத்திவிடின், என்ன குறைந்ததென அறியாமலே, ஏதோ குறைந்ததென அனைவரும் உணர்வர். நம் கச்சேரிகளில் தம்புராவின் நிலையும் அன்னதே. ஆனால் பேஸ் தம்புராவினும் ஒருபடி மேற்சென்று, தாளத்தையும் சுரத்தையும் ஒருசேரக் கட்டுகின்றது. மேலே ஒலிக்கும் சுரக்கூட்டம் மாறாதிருப்பினும், கீழே பேஸ் ஒரு சுரத்தை மாற்றின் பாட்டின் பொருளே வேறாகத் தோன்றும். இவ்வாற்றல் கேட்போர்க்குப் புலனாகாது, வாசிப்பவனுக்குப் புலனாம். அதனை அறிந்து மகிழ்தலே இக்கருவி தரும் தனியின்பம்.

இவ்வின்பத்தைப் பெறச் செவி பழகுதல் வேண்டும். 1976 இல் அன்னக்கிளி என்னும் திரைப்படத்தால் அறிமுகமான இளையராஜாவின் பாடல்கள் இதற்கு நல்ல பயிற்சிக்களம். அவற்றுட் பலவற்றில் பேஸ் வெறுந் துணையாக நில்லாது, பாடுவார் குரலுக்கு எதிர்நின்று உரையாடும் மற்றொரு பாட்டாகவே நடக்கும். நாம் சிறுபருவமுதல் கேட்டுவந்த பாடலொன்றையே தேர்ந்து, ஹெட்போன் அணிந்து, பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்பின், பழகிய வீட்டில் அறியாத அறையொன்றைக் கண்டாற்போன்ற வியப்புண்டாம்.

ஈண்டு ஒரு வினா எழும். பிறரால் அறியப்படாது துணைநிற்றலே இக்கருவியின் பெருமையெனின், அதனை வாசிப்பாரை உலகம் மறந்துவிடுதலும் தக்கதோ? அன்று. மேற்கூறிய ஜேமர்சன் 1960களில் எத்தனையோ புகழ்பெற்ற பாடல்களுக்கு உயிரூட்டினார். அப்பாடல்களைப் பாடினோர் பெயரை உலகம் அறிந்தது. ஜேமர்சன் பெயரோ இசைத்தட்டுக்களிற் பொறிக்கப்படவில்லை. 1971 இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டொன்றில்தான் அவர் பெயர் இடம்பெற்றது. 1983 இல் அவர் காலமாயினர். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டது 2000 ஆம் ஆண்டில். ஒருவன் தானே விரும்பிப் பின்னிற்றல் தாழ்மை. அவனைப் பிறர் பின்னுக்குத் தள்ளுதல் அநீதி. முன்னையது வாசிப்பவன்பாலதொரு நற்பண்பு. பின்னையது கேட்போர்பாலதொரு பெருங்குறை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் தவறு. ஒரே சரீரத்தில் அவயவங்கள் பல என்று கூறிய பவுல் அப்போஸ்தலர், கனவீனமாய்த் தோன்றும் அவயவங்களுக்கே அதிக கனத்தைக் கொடுக்கிறோமென்று கொரிந்தியர்க்கு எழுதியதும் இக்கருத்துப்பற்றியே யாம். ஆகலின் நாம் வாசிக்குங்கால் பின்னிற்கக் கற்போம். கேட்குங்கால் பின்னிற்பாரின் பெயரைக் கேட்டறியக் கற்போம்.

நண்பர்காள்! பேஸ் கிதாரைத் தனியே வாசித்தால் சிறிதுநேரத்திற் சலிப்புத் தட்டும் என்பர். உண்மையே. அது தனிமைக்கென அமைந்த கருவியன்று. மூலையிற் சார்த்தப்பட்ட கருவிகளுட் பல, தன்னை விளங்கச்செய்யும் என நம்பி வாங்கியவனுக்கு ஏமாற்றந் தந்தவையே. ஆதலின் அதனைப் பயிலத் தொடங்குவோர் முதல் திங்களிலேயே முரசு வாசிப்பார் ஒருவரையும் பாடுவார் ஒருவரையும் நாடுக. விடுதியிலாயினும் ஆலயப் பாடகர்குழுவிலாயினும் கல்லூரி விழாவிலாயினும் நான்குபேரோடு கூடி வாசிக்குக. கற்றது மூன்று சுரமேயாயினும் அவை மூன்றும் உரிய காலத்தில் உரிய இடத்தில் விழும்போது, பாடுவான் குரல் அச்சமின்றி மேலெழுவதைக் காண்பீர். அவன் அவ்வாறு எழுதற்கு இடந்தந்தது நம் விரல் என்பதை நாமறிவோம். முரசு வாசிப்பவனும் அறிவான். அத்தகைய கூட்டுறவில் இன்பங் காண்பவனிடம் இக்கருவி ஒருநாளும் மூலையிற் கிடவாது.